கனத்த உடம்புக்கு உறுதியான சைக்கிள்: பின்சக்கரத்தைப் பார்த்து வாங்குங்கள்

"முதலில் உடம்பைக் குறையுங்கள், அப்புறம் சைக்கிள் வாங்கிக்கொள்ளலாம்" என்று யாராவது அறிவுரை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நான் சைக்கிள் தேடத் தொடங்கியபோது என் எடை 112 கிலோ. வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. பள்ளிக்கூட நாள்களுக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை. பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. கொஞ்சம் வேகமாக நடந்தாலே முழங்கால் பிடித்துக்கொள்ளும். ஓட்டத்தை நினைத்தும் பார்க்க முடியாது. சைக்கிளிலோ உடம்பின் பாரத்தில் பெரும்பகுதியைச் சீட்டு வாங்கிக்கொள்கிறது. முழங்கால் சுழல்கிறதே தவிரச் சுமப்பதில்லை. எடை கூடியவருக்கு இவ்வளவு தோதான உடற்பயிற்சி வேறு என்றால் நீச்சலைத்தான் சொல்ல வேண்டும். அப்படியிருக்க, இளைத்த பிறகு வா என்று ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

நம்மைப் போன்றவர்கள் அபூர்வமும் இல்லை. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 54.4 விழுக்காட்டினருக்கு எடை கூடுதல் அல்லது உடற்பருமன். பாதிக்கு மேல் நாம்தான் இருக்கிறோம். ஆனால் கடையில் வரிசையாக நிற்கும் விலை குறைந்த சைக்கிள்களைப் பார்த்தால், 70, 75 கிலோ ஆளை மனத்தில் வைத்துத்தான் பாகங்களைப் பொறுக்கிப் போட்டிருக்கிறார்கள் என்பது தெரியும். ஆகவே எடை கூடியவர் சில பாகங்களைக் கேட்டுப் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது. வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சட்டத்தைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். சட்டம் அநேகமாகத் தாங்கிவிடும். முதலில் கைவிடுவது பின்சக்கரம்.

எனக்கு அது தெரியவந்தது ஓர் இரவல் சைக்கிளில். சித்தப்பா மகன் தான் ஓட்டாமல் மாடிப்படிக்குக் கீழே போட்டிருந்த ஒன்றைத் துடைத்து, எண்ணெய் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். "கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்கள் அக்கா. பிடித்துப்போனால் புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்றான். நல்ல யோசனை. கையும் காலும் பழகவும், வெளியே போகும் துணிச்சல் வரவும் அந்தச் சைக்கிள்தான் உதவியது. ஜெலுத்தோங்கிலிருந்து குவீன்ஸ்பே பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டிக் கடலோரமாகப் போகும் சைக்கிள் பாதையில் ஒரு காலை வேளை, பின்னாலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தது. சற்றுத் தூரத்தில் சக்கரம் பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால், செயின் இருக்கும் பக்கத்தில் ஒரு ஸ்போக்ஸ் கம்பி, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் வளைந்து நுழையும் இடத்தில் பட்டென்று ஒடிந்து தொங்கியது. புதுக் கம்பி போட்டோம். கொஞ்ச நாளில் பக்கத்துக் கம்பி ஒடிந்தது. அதை மாற்றினால் எதிர்ப்பக்கத்தில் ஒன்று போயிற்று. "என் எடைக்குச் சைக்கிளே சரிப்படாது போலிருக்கிறது" என்று நான் சொன்னதைத் தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. ஜார்ஜ் டவுனில் பழைய சைக்கிள் கடை ஒன்றுக்கு அழைத்துப் போனான்.

அந்தக் கடையின் தவுக்கேக்கு, அதாவது முதலாளிக்கு, எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சுற்றுப்பயணிகளை ஏற்றிச் செல்லும் திரிஷாக்களுக்குச் சக்கரம் கட்டிக் கட்டியே கை பழகியவர். என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். பின்சக்கரத்தின் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அமுக்கிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். பிறகு விரல் நகத்தால் ஒவ்வொன்றாகச் சுண்டினார். செயின் பக்கத்தில் ஒரு கம்பி கணீரென்று ஒலித்தது. அடுத்தது சுருதி இறங்கி மந்தமாக ஒலித்தது. அதற்கடுத்தது மறுபடியும் உச்சத்தில் நின்றது. இடப்பக்கத்தில் சில கம்பிகளுக்கு ஓசையே இல்லை. "கம்பியில் குறை ஒன்றுமில்லை. கட்டியவன் சரியாகக் கட்டவில்லை" என்று மலாயில் சொன்னார்.

சக்கரம் பளுவை எப்படித் தாங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால், கடைக்காரர் என்ன சொன்னாலும் நீங்களே முடிவெடுக்கலாம். கம்பிகள் எல்லாமே இறுக்கி இழுத்துக் கட்டப்பட்டவை. நாம் ஏறி உட்கார்ந்ததும் தரையைத் தொடும் இடத்துக்கு நேர்மேலே இருக்கும் சில கம்பிகளின் இழுப்பு குறைகிறது. சக்கரம் சுழன்று அந்தக் கம்பிகள் விலகிப் போனதும் பழைய இழுப்பு திரும்புகிறது. 50 மில்லிமீட்டர் டயர் போட்ட பெரிய சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குள் சுமார் 450 முறை சுற்றும். பத்துக் கிலோமீட்டர் ஓட்டினால் ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 4,500 முறை தளர்ந்து இறுகியிருக்கும். இப்படித் திரும்பத் திரும்ப நடப்பதில் உலோகம் களைத்துப்போய் ஒருநாள் ஒடிகிறது. எடை கூடக்கூட ஒவ்வொரு சுற்றிலும் தளரும் அளவும் கூடும். இழுப்பு சீராக இருந்தால் பளு பல கம்பிகளுக்குப் பங்காகும். சீரில்லாவிட்டால் இறுகி நிற்கும் சிலவே மொத்தத்தையும் வாங்கும். தளர்ந்தவை முழுக்கத் தொய்ந்து, மறுபடி வெடுக்கென்று இழுபடும். இரண்டுமே கம்பியின் ஆயுளைத் தின்றுவிடும்.

உட்கார்ந்து ஓட்டும்போது எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு பின்சக்கரத்தில் இறங்குகிறது. நிமிர்ந்து உட்காரும் வகைச் சைக்கிளில் இன்னும் கூடுதல். போதாக்குறைக்கு, கியர்ப் பற்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் பின்சக்கரத்தின் கம்பிகள் இருபக்கமும் ஒரே சாய்வில் நிற்பதில்லை. வலப்பக்கத்தில் ஏறக்குறைய செங்குத்தாகவும் மிக இறுக்கமாகவும் இருக்கும். இடப்பக்கத்தில் சாய்வாகவும் தளர்வாகவும் இருக்கும். அதிகச் சுமை விழும் சக்கரமே அமைப்பில் பலம் குறைந்ததாக அமைந்துவிடுகிறது.

பழைய காலத்தில் இதைக் கவனித்துத்தான் செய்தார்கள். பால்காரரும் ரொட்டிக்காரரும் ஓட்டிய ராலே வகைக் கறுப்பு ஆங்கிலேயச் சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி. பின்னால் பளு கூடுதல் என்பதால் அங்கே எட்டுக் கம்பி அதிகம். இரும்புக் கேரியரில் மூட்டையும் அதன்மேல் ஒரு பிள்ளையும் ஏறிப்போன சக்கரங்கள் அவை. இன்றைக்கு 24, 28 கம்பிச் சக்கரங்கள் பார்க்க இலேசாக, அழகாக இருக்கின்றன. நூறு கிலோவுக்கு மேல் இருப்பவர் அந்த அழகுக்கு மயங்க வேண்டாம். பின்னால் 32க்குக் குறையக் கூடாது. 36 இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

இரவல் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் வாங்கியது, முன்கவட்டையில் ஸ்பிரிங் இல்லாத, அலுமினியச் சட்டம் கொண்ட, சாலைச் சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்ட ஒரு ஹைபிரிட் சைக்கிள். விலை 1,900 வெள்ளிக்கு (ரிங்கிட்) பக்கம். வாங்கிய கையோடு பின்சக்கரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு அந்தத் தவுக்கேயிடம் போனேன். 36 துளை ஹப், இரட்டைச் சுவர் ரிம், 2 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் என்று அவரே பொறுக்கி எடுத்தார். ஒவ்வொரு கம்பியின் மரையிலும் ஒரு துளி எண்ணெய் தொட்டு வைத்தார். ஒரு கம்பி மூன்று கம்பிகளைக் குறுக்கே தாண்டிப் போகும்படி பின்னினார். இருபுறமும் முள் வைத்த தாங்கியில் சக்கரத்தைச் சுழலவிட்டு, கம்பியை ரிம்மில் பிடித்து நிறுத்தும் சிறு மரையான நிப்பிளைக் கால் திருகு, அரைத் திருகு என்று முடுக்கிக் கோட்டம் எடுத்தார். எனக்கு வியப்பாக இருந்தது அதற்குப் பிறகு அவர் செய்த வேலை. கையுறை மாட்டிக்கொண்டு, பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை ஜோடியாகப் பிடித்து முழு பலத்தோடு நெரித்தார். கம்பிகள் 'கிறிக், கிறிக்' என்று முனகின. அமைதியாக ஓடிக்கொண்டிருந்த சக்கரம் மறுபடி லேசாகக் கோணிற்று. மறுபடி கோட்டம் எடுத்தார், மறுபடி நெரித்தார். நெரித்தும் கோணாத நிலை வந்த பிறகுதான் கீழே இறக்கினார். அப்படி நெரிக்கும்போது கம்பியின் வளைவு ஹப்பின் துளையில் சரியாகப் படிகிறது. வளைத்தபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் தளர்கிறது. இயந்திரம் கட்டிய மலிவான சக்கரங்களில் அடிக்கடி விடுபட்டுப்போவது இந்தப் படிதான். பாகங்களும் கூலியும் சேர்த்து 400 வெள்ளிக்குச் சற்று மேல் ஆயிற்று. என் சைக்கிளில் நான் செலவழித்த பணத்தில் இதைவிடப் பயன்பட்ட பணம் இல்லை. அந்தப் பின்சக்கரத்தில் இதுவரை ஒரு கம்பி ஒடியவில்லை.

எல்லாரும் உடனே புதுச் சக்கரம் கட்ட வேண்டியதில்லை. 32 கம்பியும் இரட்டைச் சுவர் ரிம்மும் இருந்தால், கைதேர்ந்த ஒருவரிடம் கொடுத்து இழுப்பை மட்டும் சீராக்கிக் கோட்டம் எடுத்தாலே பாதிக்கு மேல் தொல்லை தீரும். கடையில் நீங்களே செய்யக்கூடிய சோதனை, அந்தத் தவுக்கே செய்ததுதான். பின்சக்கரத்தில் ஒரே பக்கத்துக் கம்பிகளை மட்டும் சுண்டிப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். வலமும் இடமும் வேறுபடுவது இயல்பு. பினாங்குக்காரர்களுக்கு இன்னொன்று: கடல் காற்றில் துத்தநாகப் பூச்சுக் கம்பிகள் சீக்கிரம் வெளுத்துத் துருவேறும். துருப்பிடிக்காத எஃகா என்று கேட்டு வாங்குங்கள்.

சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்பக்கப் பற்சக்கரத் தொகுதி இரண்டு வகை. பழைய முறையில் அது ஹப்பின்மேல் திருகி மாட்டும் ஃப்ரீவீல். ஜப்பானிய நிறுவனமான ஷிமானோ 1978இல் கொண்டுவந்த ஃப்ரீஹப் முறையில் பற்கள் மட்டும் கேசட்டாகச் செருகப்படும். கிளிக் கிளிக் என்று சுழலும் பகுதி ஹப்போடு சேர்ந்தே இருக்கும். வித்தியாசம் அச்சில் இருக்கிறது. ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்கப் பேரிங் பற்சக்கரங்களுக்கு உள்ளே, நடுவை நோக்கித் தள்ளி இருக்கிறது. அதனால் பேரிங்குக்கும் சட்டத்துக்கும் இடையே அச்சின் ஒரு நீளமான துண்டு தாங்கல் இல்லாமல் நிற்கிறது. கனத்த ஆள் ஒரு பள்ளத்தில் இறங்கினால் வளைவது அந்தத் துண்டு. பேரிங் கடித்து, சக்கரம் தள்ளாடி, கடைசியில் அச்சு ஒடியவும் செய்யும். ஃப்ரீஹப்பில் பேரிங் வெளி ஓரத்துக்கே போய்விடுவதால் அச்சுக்கு அந்தத் தொல்லை இல்லை. விலை குறைந்த 7 கியர்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் ஃப்ரீவீல்தான் இருக்கும். 9 கியருக்கு மேல் போனால் அநேகமாகக் கேசட். "பின்னால் கேசட்டா, ஃப்ரீவீலா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஃப்ரீவீல் என்றால், 112 கிலோவில் இருந்த என்னைப் போன்றவருக்கு அந்தச் சைக்கிள் வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி எடை வரம்பு. சைக்கிளுக்கு அப்படி ஒன்று உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. பெரிய நிறுவனங்கள் எழுத்திலேயே தருகின்றன. டிரெக் தன் சைக்கிள்கள் பலவற்றுக்கு 136 கிலோ என்று குறிக்கிறது. அதற்குள் ஓட்டுபவர், சைக்கிள், பை, பூட்டு, தண்ணீர்ப் போத்தல் அனைத்தும் அடங்க வேண்டும். பிராம்ப்டன் மடக்குச் சைக்கிள்கள் பலவற்றுக்கு 110 கிலோ. அதில் ஓட்டுபவரும் சுமையும் மட்டும் கணக்கு. தாஹோன் மடக்குச் சைக்கிள்கள் பலவற்றுக்கு 105 கிலோ. எண்ணை மட்டும் பார்க்காமல், எதையெல்லாம் சேர்த்து அந்த எண் என்று பார்க்க வேண்டும். என் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்: உடம்பு 112, சைக்கிள் 15, பையும் பூட்டும் தண்ணீரும் சேர்த்து 4. மொத்தம் 131. சைக்கிளையும் சேர்த்து 136 என்றால் எனக்கு மிச்சம் 5 கிலோ. அதே எண் ஓட்டுபவருக்கும் சுமைக்கும் மட்டும் என்றால் 20 கிலோ மிச்சம். சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வரலாம்.

ஒரு கடையில் வேலை செய்த பையன், "பயப்படாதீர்கள் அக்கா, இதெல்லாம் தாங்கும்" என்றான். நல்ல பிள்ளை, மனத்தில் கள்ளமில்லை. கையேட்டைக் காட்டச் சொன்னேன். தேடி எடுத்து வந்து இருவருமாகப் புரட்டினோம். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், 100 கிலோ என்றிருந்தது. அவனுக்கே அது புதுச் செய்தி. வாயால் சொல்வதை வாங்காதீர்கள். கையேட்டிலோ நிறுவனத்தின் இணையப்பக்கத்திலோ எண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படவும் வேண்டாம். எடையைச் சொல்லத் தயங்கி, ஒத்துவராத சைக்கிளோடு வீடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

மடக்குச் சைக்கிள் அடுக்குமாடிவாசிகளுக்குப் பெரிய ஆசை. லிப்டில் கொண்டுபோகலாம், கார் பூட்டில் வைக்கலாம். அதன் சிறு சக்கரம் உண்மையில் வலுவானது. சோதனைக்குள்ளாவது சட்டத்தின் நடுவிலும் ஹேண்டில் தண்டிலும் இருக்கும் மடிப்பு மூட்டுகள். சீட்டுக்கம்பமும் மிக நீளம். 105 கிலோ வரம்பைத் தாண்டியவர்கள் முதல் சைக்கிளாக அதை வாங்க வேண்டாம்.

டயரில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை: அகலமாகப் போடுங்கள். அகலமான டயரில் காற்றின் கொள்ளளவு அதிகம். குறைந்த அழுத்தத்திலேயே பாரத்தைத் தாங்கும். பள்ளத்தின் அதிர்ச்சியைக் கம்பிகளுக்குப் போகவிடாமல் தானே வாங்கிக்கொள்ளும். டயரின் பக்கவாட்டில் 50-622 என்பதுபோல் அச்சடித்திருப்பார்கள். முதல் எண் அகலம், இரண்டாவது எண் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 28, 32 அகலத்தில் வரும் மெல்லிய டயர்களை விட்டுவிடுங்கள். 42க்கு மேல், முடிந்தால் 47, 50 என்று போடுங்கள். சட்டத்திலும் கவட்டையிலும் அதற்கு இடைவெளி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். 50 அகலத்தில் நான் பின்னால் 50 முதல் 55 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), முன்னால் 40 பிஎஸ்ஐ அளவில் வைத்திருக்கிறேன். டயரில் அச்சடித்த உச்ச அழுத்தத்தை மீறுவதில்லை. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று சொல்வது கனத்தவர்களுக்கு உதவாது. அழுத்தம் காட்டும் முள் வைத்த நிலைப் பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். காற்று குறைந்திருக்கும்போது சாலையின் விளிம்பிலோ சாக்கடை மூடியிலோ இடித்தால், டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கிப் பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். பஞ்சர் ஒட்டும்போது அப்படி ஜோடியாக ஓட்டை தெரிந்தால் முள் குத்தியது இல்லை, காற்று போதவில்லை என்று பொருள்.

ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களில் சில சாக்கடை மூடிகளின் கம்பிகள் நாம் போகும் திசையிலேயே நீளவாக்கில் கிடக்கின்றன. மெல்லிய டயர் அந்த இடுக்கில் இறங்கிவிடும். அகலமான டயருக்கு இது இன்னொரு காரணம்.

பிரேக்குக்கு வருகிறேன். 60 கிலோ ஆள் 15 கிலோ சைக்கிளில் போகிறார், 120 கிலோ ஆளும் அதே மாதிரிச் சைக்கிளில் அதே வேகத்தில் போகிறார். இரண்டாமவரை நிறுத்தும்போது பிரேக்கில் பிறக்கும் சூடு முதலாமவருக்குப் பிறப்பதைப்போல் 1.8 மடங்கு. சமதரையில் ரிம்மைப் பிடிக்கும் நல்ல வி-பிரேக் போதும். ஆனால் பினாங்கில் மழை சொல்லாமல் வரும். ரிம் நனைந்தால் பிடி தாமதப்படும். பாலிக் பூலாவின் வயல்களைப் பார்க்க ஆசைப்பட்டு துன் சார்டோன் சாலையில் மலையேறினால், மறுபக்கம் நீளமான இறக்கம். அங்கே நான் நம்புவது, சக்கரத்தின் நடுவில் இருக்கும் தட்டை எண்ணெய் அழுத்தத்தால் பிடிக்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கைத்தான். இரண்டு விரலால் பிடித்தாலே போதும், கை சோர்வதில்லை.   முன்பக்கத் தட்டு பெரும்பாலும் 160 மில்லிமீட்டர். கவட்டை இடம் கொடுத்தால் 180க்கு மாற்றுவது கனத்தவர்களுக்கு நல்லது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து உரசிக்கொண்டே இறங்காமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, விட்டு, மறுபடி பிடியுங்கள். இடைவெளியில் தட்டு ஆறும்.

ஸ்பிரிங் வைத்த முன்கவட்டை விலை குறைந்த சைக்கிளில் வந்தால் வேண்டாம். அந்தச் சுருள் இலேசான ஆளுக்கு அளவெடுத்தது. நாம் உட்கார்ந்ததுமே பாதி அமுங்கிவிடும். பிரேக் பிடித்தால் மூக்கு குத்தும். எடை வேறு கூடுதல். நேர்க்கவட்டையும் அகலமான டயரும் போதும்.

சட்டம் எஃகா அலுமினியமா என்ற வாதத்தில் நான் நேரம் செலவழிக்கவில்லை. வரம்புக்குள் இருந்தால் இரண்டும் தாங்கும். காலைத் தூக்கிப் போடச் சிரமப்படுகிறவர்கள் மேல்குழாய் தாழ்ந்த சட்டத்தைத் தயங்காமல் எடுக்கலாம். நான் எடுத்தது அதுதான். அதைப் பெண்கள் சைக்கிள் என்று ஒதுக்கும் ஆண்கள், முழங்காலும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும் வயதில் தங்களுக்குத் தாங்களே கெடுதல் செய்துகொள்கிறார்கள். சீட்டுக்கம்பத்தில் ஒரு கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு சட்டத்துக்குள் மறைந்திருக்க வேண்டும். உயரம் போதவில்லை என்று அதற்கு மேல் இழுத்து ஓட்டினால் கம்பமும் சட்டமும் சேர்ந்தே கெடும். நீளமான கம்பம் வாங்கிப் போடுங்கள்.

சீட்டு விஷயத்தில் கடையில் கை வைத்து அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருப்பதை எடுப்பது இயல்பு. கனத்த உடம்பு அந்தப் பஞ்சில் அமிழ்ந்து, எலும்பு தாங்க வேண்டிய பாரம் சதைக்குப் போகும். அரைமணி நேரத்தில் மரத்துவிடும். உட்காரும் எலும்புகள் இரண்டும் முழுமையாக அமரும் அகலமும், ஓரளவு கெட்டியும் உள்ள சீட்டே நீண்ட நேரத்துக்குத் தாங்கும். தொடக்க நாள்களில் எந்தச் சீட்டிலும் வலிக்கத்தான் செய்யும். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் அது அடங்கிவிடுகிறது.

கியரில் ஒன்றே ஒன்று பாருங்கள். முன்பக்கத்துச் சிறிய பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கை, பின்பக்கத்துப் பெரிய பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருக்கட்டும். என்னுடையதில் முன்னால் 28, பின்னால் 34. மேம்பாலத்தில் ஏறும்போது முழங்காலை நசுக்காமல், காலை வேகமாகச் சுழற்றி ஏற முடிகிறது. கனத்தவர்களுக்குப் பெரிய கியரில் முக்கி முக்கி மிதிப்பது முழங்காலுக்கும் பகை, செயினுக்கும் பகை.

புதிதாக வாங்க வசதிப்படாதவர்கள் 1990களில் வந்த, ஸ்பிரிங் கவட்டை இல்லாத, குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) எஃகு மலைச் சைக்கிள்களைத் தேடுங்கள். 26 அங்குலச் சக்கரம் அளவில் சிறியது என்பதால் அதே கம்பி எண்ணிக்கையில் பெரிய சக்கரத்தைவிட வலுவானது. அகலமான டயர் தாராளமாக நுழையும். நான் பார்த்த பழைய சைக்கிள்களில் இவற்றுக்கு ஈடான விலைப்பலன் வேறெதிலும் இல்லை. வாங்குமுன் பெடல் அச்சு இருக்கும் கீழ்மூட்டைச் சுற்றியும், சட்டத்தின் முன்பக்க இணைப்புகளிலும் பெயிண்டில் கீறலோ துருக்கோடோ தெரிகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். சீட்டுக்கம்பம் அசைகிறதா என்றும் பாருங்கள். கடற்கரை ஊரில் அது உள்ளேயே துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும். அசையவில்லை என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மருத்துவரிடம் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் இனிப்பு ஏதாவது வைத்துக்கொள்வது அவசியம். நான் விடியும் நேரத்தில் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவேன். அந்த நேரத்தில் பாதையில் எதிர்ப்படும் சீனப் பெரியவர்களும் மலாய்ப் பிள்ளைகளும் கையசைப்பார்கள். எடையைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நான் பயந்ததுபோல் ஒன்றும் நடக்கவில்லை. வீட்டில் அடைந்து கிடக்கும் யாருக்காவது அந்தப் பயம் இருந்தால், இதை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

புதுச் சைக்கிளை முதல் மாதத்துக்குள் ஒருமுறை கட்டாயம் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். கம்பிகள் படிந்து இழுப்பு கொஞ்சம் இறங்கியிருக்கும். மறுபடி சீர்செய்தால் அதன்பின் வெகுநாள் நிலைக்கும். பெடல் தண்டுகளின் போல்ட்டுகளையும் அப்போதே முடுக்கச் சொல்லுங்கள். கனத்த காலுக்கு அவை சீக்கிரம் தளரும். தளர்ந்தபடியே ஓட்டினால் தண்டின் சதுரத் துளை தேய்ந்து, பிறகு எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது. கடலோரத்தில் ஓட்டிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் போடுங்கள்.

சக்கரம் கட்டுபவரிடம் உபரிக் கம்பிகள் கேட்டு வாங்கிக்கொள்ளவும் மறக்க வேண்டாம். வலப்பக்கத்துக் கம்பி இடப்பக்கத்தைவிட ஓரிரு மில்லிமீட்டர் குட்டையாக இருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, மாற்றிப் போட்டால் இழுப்பு சரியாக வராது. பக்கத்துக்கு இரண்டு வீதம் வாங்கி, வலம், இடம் என்று ஒட்டுத்தாளில் எழுதிச் சுற்றி, அவற்றைச் சட்டத்தின் கீழ்க்குழாயோடு சேர்த்து டேப்பால் ஒட்டி வைத்துவிட்டால், எந்த ஊரில் ஒடிந்தாலும் பக்கத்தில் இருக்கும் கடைக்காரர் கால்மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்.